எண்ணூற்றைம்பது

சோஹாரில் ஆகஸ்ட் இரவு.
ஏணியில் ஏறும் முன்பே சட்டை நனைந்துவிடும்,
ஏறிய பின் மூக்குக் கண்ணாடியும்.

"நாலாவது கேமராவில் பேய் வருகிறது" என்றார் அபூ ஹைதம்,
பாதி சிரித்தபடி.

பார்த்தேன். சிலந்தி.
லென்சுக்குக் குறுக்கே வீடு கட்டியிருக்கிறது.
கேமராவின் சொந்த விளக்கு அதன்மேல் பட்டு
இழை ஒவ்வொன்றும் கப்பல் கயிறாய்த் திரையில் ஆடுகிறது.
விட்டில் வந்தால் பருந்து.
புழுதி கிளம்பினால் பனிமழை.
மதில் பக்கத்திலேயே இருப்பதால்
மதில் மட்டும் வெளுத்து
அதற்கப்பால் எல்லாம் கரி.

வைத்தியம் எளிது.
உள்விளக்கை அணை,
ஆறடி தள்ளித் தனி விளக்கு வை.
பூச்சி விளக்கோடு போகட்டும், கண்ணை விடட்டும்.
இதையே சொல்லிப் பதினோரு வருடம் ஓட்டியாயிற்று.

அகச்சிவப்பில் பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி.
போகன்வில்லா சாம்பல் பூத்து நிற்கும்.
கொடியில் காயும் கறுப்பு அபாயா
சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கும்.
பூனைக்கு முகம் கிடையாது,
இரண்டு காசுகள் மட்டும் மதில்மேல் நடந்துபோகும்.

"சிலந்தி இல்லை" என்றார் அவர்.
"தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
ராத்திரி ஒன்று பத்துக்கு ஒரு வெளிச்சம்."

பின்னோக்கி ஓட்டினேன்.
ஒன்பது இரவுகள். ஒன்று பத்து, ஒன்று பதினைந்து.
கரிய மூலையில் உள்ளங்கை அளவு வெளுப்பு.
அதன் ஓரத்தில்
கால்வாசிக் கன்னம்.

தொட்டிக்குப் பின்னால் போனோம், நானும் திலக்கும்.
கவிழ்த்த பெயின்ட் டப்பா.
அதன்மேல் நாலாய் மடித்த டவல்.
சூரியகாந்தி விதையின் தோல்,
கூட்டி ஒரு பக்கமாய் ஒதுக்கியது.
திருடன் தோலைக் கூட்டி வைக்க மாட்டான்.
திலக் என்னைப் பார்த்தான்.
நான் ஸ்பானர் கேட்டேன்.

"எரிவதே தெரியக்கூடாது" என்று உத்தரவு.
வண்டியில் இரண்டு பெட்டி இருந்தன.

தொள்ளாயிரத்து நாற்பது:
எரிந்தாலும் யாருக்கும் தெரியாது.
இருட்டோடு இருட்டாய் நின்று பார்க்கும்.

எண்ணூற்றைம்பது:
அணையப்போகும் கொசுவர்த்தி நுனிபோல
மங்கலாய்ச் சிவக்கும், நாற்பது புள்ளிகள்.
அண்ணாந்தால் தெரிந்துவிடும்
பார்க்கிறார்கள் என்று.

"நாற்பதுக்குத் தூரம் எட்டாது, பாபா" என்றேன்.
பொய் இல்லை. எட்டாதுதான், ஐம்பது மீட்டருக்கு.
தொட்டி எட்டு மீட்டரில் இருந்தது.

மதிலில் துளை, சிலிக்கான், பன்னிரண்டு வோல்ட்.
கொஞ்சம் கீழே சாய்த்தேன்.
பிறகு இன்னும் கொஞ்சம்.
திரையில் மூலை திறந்துகொண்டது:
டப்பாவின் விளிம்பு, டவலின் கரைக்கோடு,
விதைத்தோலை எண்ணிவிடலாம்.
"மும்தாஸ்!" என்று முதுகில் தட்டினார்.
லபன் வந்தது, குளிர்ந்த டம்ளரில்.
கொண்டுவந்த கையைத்தான் பார்த்தேன், நிமிரவில்லை.

வெளியே வந்து வயரைச் சுருட்டும்போது
சமையலறை ஜன்னலில்
பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.
நாற்பது சிவப்புப் புள்ளிகளையும்
யாரோ எண்ணி முடிக்கிற நேரம்வரை.
பிறகு தண்ணீர் மறுபடி ஓடியது.

மூன்று வாரம் கழித்து அபூ ஹைதமின் குரல்செய்தி.
மூலை சுத்தமாம். படம் கண்ணாடி மாதிரியாம்.
யாரும் வருவதில்லையாம்.
இப்போது மொட்டை மாடியில், டிஷ் ஆன்டெனா பக்கம்
ஏதோ வெளிச்சமாம், இரண்டு மணி வாக்கில்.
ஐந்தாவது கேமராவுக்கு கொட்டேஷன் வேண்டும்.

கடையில் ஷம்சீர் சொல்கிறார்,
எண்ணூற்றைம்பது தீர்ந்துவிட்டது,
கப்பலில் வருகிறது,
கையில் இருப்பது நாற்பது மட்டும்.

மாடியின் நீளம் எத்தனை மீட்டர் என்று
அபூ ஹைதமிடம் கேட்டு அனுப்பியிருக்கிறேன்.
அகலமும்.